மருந்துச் சீட்டும் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமையும்

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் ஏரி இருக்கிறது, பழைய பெருமாள் கோயில் இருக்கிறது. அவற்றைச் சுற்றி, கடந்த சில பத்தாண்டுகளில் மனை பிரித்து எழுந்த தெருக்கள். கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, சி.ஆர்.பி.எஃப். முகாம், அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வேலை தேடி வந்தவர்கள் மெல்ல மெல்ல ஊராகிப்போன பகுதி இது. சொந்த ஊர் விழுப்புரமாகவோ திருநெல்வேலியாகவோ இருக்கும். பாட்டி, சித்தப்பா, அத்தை எல்லாம் அங்கேதான். இங்கே கணவன், மனைவி, பிள்ளைகள், சுவருக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கத்தார். வீட்டுக்குள் ஒருவர் நிலைகுலையும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக மூன்றாவது ஆள் இல்லாத வீடுகள் இப்படித்தான் உருவாயின.

அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பாவுக்கு அம்பத்தூரில் இரண்டாவது ஷிப்ட். ஒன்பது வயது மகள் இரவில் தூங்காமல் கேட் திறக்கும் சத்தத்துக்குக் காத்திருக்கிறாள். ஹெல்மெட்டை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டால் நிம்மதி, தூங்கலாம். தரையில் உருண்டால் தம்பியை எழுப்பி மாடிப்படிக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். அந்த வீட்டில் அப்பாவுக்குப் பதில் அம்மாவை வைத்தாலும் கதை பெரிதாக மாறாது. அங்கே பாத்திரம் வைக்கும் சத்தமாக இருக்கும், குளியலறைக்குள்ளிருந்து வரும் அழுகையாக இருக்கும், அல்லது மூன்று நாளாக ஒரு சத்தமும் வராததாக இருக்கும்.

அந்தச் சிறுமிக்கு நோயின் பெயர் தெரியாது. ஆனால் எந்த வேளையில், எதற்குப் பின்னால், என்ன நடக்கும் என்பது துல்லியமாகத் தெரியும். வீடு உடைந்து வழக்கு நீதிமன்றம் ஏறிய பிறகு, பெரியவர்கள் அவளுக்குத் தெரியாத பெயருக்காகச் சண்டை போடுகிறார்கள்; அவளுக்குத் தெரிந்ததைக் கேட்பதில்லை. பெற்றோரில் ஒருவர் மனம் தடுமாறியிருக்கும் விவாகரத்து வழக்குகளில் பிள்ளைக்கு நேரும் பெரும்பாலான துன்பம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் முடிவு.

பெயருக்கான சண்டைக்குச் சட்டமே இடம் கொடுத்தது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, மனநலக் கோளாறை விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆகவே மனுவில் ஒரு நோயின் பெயர் வந்துவிட்டால் விவாகரத்தும் கிடைக்கும், பிள்ளையும் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அலமாரியிலிருந்து மாத்திரை அட்டையும் மருத்துவர் சீட்டும் போட்டோ எடுக்கப்பட்டு வக்கீலின் வாட்ஸப்புக்குப் போகின்றன. ‘பைத்தியம்’ என்ற சொல் பிரமாணப் பத்திரத்தில் கொஞ்சம் நாகரிகமான உடை உடுத்திக்கொண்டு வருகிறது.

நீதிமன்றங்கள் இதை இத்தனை எளிதாக எடுத்துக்கொண்டதில்லை. 1988இல் உச்ச நீதிமன்றம், ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் சூட்டிவிடுவது மட்டும் விவாகரத்துக்குப் போதாது, நோயின் தீவிரம் எவ்வளவு, சேர்ந்து வாழவே முடியாத அளவா என்று பார்க்க வேண்டும் என்றது. 2003இல் சாரதா எதிர் தரம்பால் வழக்கில், திருமண வழக்கில் ஒருவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. வலுவான முகாந்திரம் இருந்தால்தான் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. முன்பு மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து இன்றைக்கும் அவர் நோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது. சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டியது. வழக்கில் ஒருவரின் மனநோய்க்குச் சான்று காட்டப்பட்டு எதிர்த்தரப்பு அதை மறுத்தால், நீதிமன்றம் அதை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது அதன் 105ஆம் பிரிவு. வழக்காடுபவர்கள் இந்தப் பிரிவை இன்னும் அதிகமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சட்டம் இப்படியிருந்தும் வீடுகளில் நிலவும் பயம் வேறு. “டாக்டர்கிட்ட போனா சீட்டு கோர்ட்டுக்கு வந்துடும், பிள்ளையைப் பிடுங்கிடுவாங்க” என்ற பயம். பிரசவத்துக்குப் பின் தூக்கமிழந்து, குழந்தையைத் தூக்கவே பயந்து நிற்கும் பெண் மருத்துவரிடம் போக மறுக்கிறாள். குடியை விட நினைக்கிற ஆண் சிகிச்சைக்குச் சேர மறுக்கிறான். சேர்ந்தால் குடிகாரன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். சிகிச்சை எடுப்பவர் தோற்பார், எடுக்காமல் மறைப்பவர் ஜெயிப்பார் என்றால், பிள்ளை யாரிடம் போனாலும் சிகிச்சை பெறாத ஒரு வீட்டுக்குத்தான் போகும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிற தாயோ, மாதாமாதம் மறுபரிசோதனைக்குப் போகிற தந்தையோ, தன் நிலையை அறிந்து அதற்குப் பொறுப்பேற்றவர். அந்தச் சீட்டு அவருக்குச் சாதகமான சாட்சியாக வாசிக்கப்பட வேண்டும்.

இதற்கு ஆராய்ச்சியின் துணையும் உண்டு. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் பணியாற்றிய குழந்தை மனநல அறிஞர் மைக்கேல் ரட்டர், நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகளைப் பற்றிய தன் ஆய்வை 1966இல் வெளியிட்டார். பிறகு டேவிட் குவிண்டனுடன் சேர்ந்து, மனநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெற்றோரின் குடும்பங்களை நான்காண்டுகள் தொடர்ந்து கவனித்து 1984இல் முடிவுகளை எழுதினார். பிள்ளைகளைக் கெடுத்தது நோயின் பெயரைவிட, அந்த நோயோடு வீட்டில் வந்து சேர்ந்த ஓயாத சண்டையும், பிள்ளையின் மேலேயே பாய்ந்த பகைமையும்தான் என்று அந்த ஆய்வு காட்டியது. கடும் நோய் கண்டும் பிள்ளையிடம் மென்மையாக இருந்தவர்களின் வீட்டில் பிள்ளைகள் தாக்குப்பிடித்தனர். நோயின் பெயர் சிறியதாக இருந்தும் பிள்ளை எந்நேரமும் வசைக்கும் கோபத்துக்கும் இலக்கான வீடுகளில்தான் சேதம் அதிகம்.

ஆக, விசாரிக்க வேண்டிய கேள்விகள் வேறு. பிள்ளையை அடிக்கிறாரா, மிரட்டுகிறாரா, பட்டினி போடுகிறாரா? பிள்ளை எதிரில் தன்னை மாய்த்துக்கொள்வதாகச் சொல்கிறாரா? போதையில் வண்டியில் ஏற்றுகிறாரா? நடு இரவில் எழுப்பி, நீ யார் பக்கம் என்று கேட்கிறாரா? பள்ளிக்கு அனுப்ப மறந்துபோகிறாரா? மேற்குப் புறநகரில் இந்தக் கேள்விகளில் பாதி, மனநல மருத்துவமனையை எட்டாமல் டாஸ்மாக் கடையோடு நின்றுவிடும். சில்லறை மது விற்பனை 2003 முதல் அரசின் கையில் இருக்கும் மாநிலத்தில், தந்தையின் குடி பிள்ளையின் பாதுகாப்பைத் தொடும் விஷயம் என்பதை வழக்கு மன்றங்களில் இன்னும் உரக்கச் சொல்லியாக வேண்டும். குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனம், குடிப்பவரோடு அவர் குடும்பத்தையும் உட்காரவைத்துச் சிகிச்சை தருவதைத் தன் முறையாகவே வைத்திருக்கிறது.

பிள்ளையைப் பற்றிய நம் சட்டங்கள் பழையவை. கேள்வியை ஏறத்தாழச் சரியாகவே வைத்திருக்கின்றன. 1890ஆம் ஆண்டு காப்பாளர் மற்றும் காப்புக்குட்படுவோர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையின் நலனைப் பார்க்கும்போது கேட்பவரின் குணத்தையும் திறனையும் பார்க்கச் சொல்கிறது. பிள்ளை விவரம் தெரிந்த வயதாக இருந்தால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் சட்டம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, 13ஆம் பிரிவில் எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையின் நலனை வைக்கிறது. தந்தைதான் முதல் காப்பாளர் என்ற வாசகத்தின் கூர்மையை, எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் மழுக்கியது.

இவற்றுக்கெல்லாம் உயிர் கொடுத்த தீர்ப்பு சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் வந்தது. 1973இல் ரோசி ஜேக்கப் வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாக வந்த ஒரு தம்பதியின் சண்டையை விசாரித்த உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்லர், விளையாட்டுப் பொருளும் அல்லர் என்றது. அதே தீர்ப்பில், அவ்வளவாக மேற்கோள் காட்டப்படாத, ஆனால் நம் விஷயத்துக்கு அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பிள்ளையின் காவல் பற்றிய உத்தரவுகள் அவற்றின் இயல்பிலேயே தற்காலிகமானவை, நிலைமை மாறினால் அவையும் மாற வேண்டும் என்றது நீதிமன்றம். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவும் விவாகரத்துத் தீர்ப்புக்குப் பிறகுகூட மனுப் போட்டு ஏற்பாட்டை மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறது. மனநலம் ஏறவும் இறங்கவும் செய்வது. அதற்குப் பொருத்தமான உத்தரவும் ஏறி இறங்கக்கூடியதாகத்தானே இருக்க வேண்டும்?

எந்த நீதிமன்றம் என்ற கேள்விக்குக் கோவில்பதாகைக்காரர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 2018இல் அம்பத்தூர் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடி திருவள்ளூர் மாவட்டத்திலேயே நின்றது. கணவன் வீடு அம்பத்தூர், தாய் வீடு கோவில்பதாகை என்றால், சில ரயில் நிலைய தூரத்துக்குள் மாவட்டம் மாறிவிடுகிறது. காப்பாளர் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றம்தான் மனுவை விசாரிக்கும். இதைத் தெரிந்துகொண்டு, பிள்ளையை ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஊருக்குக் கொண்டுபோய்ப் பள்ளியையும் மாற்றிவிடுபவர்கள் உண்டு. பள்ளி, தோழி, டியூஷன் அக்கா, தெருமுனைக் கடைக்காரர் என்று பிள்ளைக்குப் பிடிமானமாக இருந்தவர்கள் எல்லோரும் ஒரே இரவில் அறுந்துபோகிறார்கள். ஆபத்து வாசலில் நின்றாலொழிய அதைச் செய்யக் கூடாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பிள்ளை யாரிடம் வளர்வது என்பதைவிடக் கடினமான கேள்வி, தடுமாறும் பெற்றோரை அது எப்படிச் சந்திப்பது என்பது. 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 9ஆம் உறுப்பு, பிரிந்த பெற்றோர் இருவரோடும் தொடர்பு வைத்துக்கொள்வது பிள்ளையின் உரிமை என்கிறது. பிள்ளையின் நலனுக்கு அது கேடாக இருந்தால் தவிர. உரிமைக்குச் சொந்தக்காரர் பிள்ளை. ‘என் விசிட்டேஷன் உரிமை’ என்று தந்தையோ தாயோ பேசும்போது இது மறந்துபோகிறது.

2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த ஒரு தமிழ்நாட்டு வழக்கைப் பார்க்கலாம். தாயும் சிறு பெண் குழந்தையும் மதுரையில், தந்தை கரூரில். ஞாயிறுதோறும் குழந்தையைக் கரூருக்குக் கொண்டுவந்து தந்தையிடம் காட்ட வேண்டும் என்பது கீழிருந்து வந்த உத்தரவு. போக வர சுமார் 300 கிலோமீட்டர். குழந்தைக்கு வயது இரண்டு. தந்தைக்குப் பார்க்க உரிமை உண்டு, ஆனால் குழந்தையின் உடல்நலத்தையும் நலனையும் விலையாகக் கொடுத்து அல்ல என்றது உச்ச நீதிமன்றம். சந்திப்பை மதுரைக்கே மாற்றியது. ஞாயிறு காலை 10 மணி முதல் பிற்பகல் 2 வரை, ஒரு பொதுப் பூங்காவிலோ கோயில் வளாகத்திலோ. தாய் அங்கேயே, சுமார் பத்தடி தள்ளி இருக்கலாம். இரண்டு நீதிபதிகள் அமர்ந்து குழந்தையின் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மணிக்கணக்கிலும் அடிக்கணக்கிலும் அளந்து வைத்திருக்கிறார்கள். பிள்ளையைக் காப்பது பெரும்பாலும் இந்த அளவைதான்: எந்த இடம், எத்தனை மணி, யார் பக்கத்தில், எவ்வளவு தொலைவில்.

அந்தப் பத்தடியை நினைத்துப் பார்க்கிறேன். அந்த வயதுக் குழந்தைக்கு அது சரியான ஏற்பாடு. அம்மா கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கோ அந்தப் பத்தடியில் நிற்கும் அம்மாவின் முகமே பாரமாகிவிடலாம். அப்பா வாங்கித் தந்த ஐஸ்கிரீமைச் சிரித்துக்கொண்டு சாப்பிட்டால் அம்மாவுக்கு வலிக்குமோ என்று அது ஓரக்கண்ணால் பார்க்கும். அதற்குத் தேவை இருவர் பக்கமும் சாயாத ஒரு மூன்றாவது ஆள். இங்கிலாந்தில் 1980களின் நடுவில் நாட்டிங்ஹாமில் இதற்கென்றே ஒரு சந்திப்பு மையம் தொடங்கியது. பிறகு நாடெங்கும் தேவாலயக் கூடங்களிலும் சமூகக் கூடங்களிலும் தன்னார்வலர்களைக் கொண்டு பரவியது. அங்கே இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஆள் சுற்றிலும் இருப்பார், கவனிப்பார், அவ்வளவே. ஆபத்து அதிகமான குடும்பங்களுக்கான மற்றதில், பயிற்சி பெற்றவர் பேச்சு காதில் விழும் தூரத்திலேயே இருந்து குறிப்பெழுதுவார். ஒரு பெற்றோர் ஒரு வாசலிலும் மற்றவர் வேறொரு வாசலிலும் வந்து போகும்படிகூடச் செய்யலாம். கைமாற்றும் நேரத்துச் சண்டையைப் பிள்ளை பார்க்காது.

நம் ஊரில் பூங்காவும் கோயிலும் அந்த வேலையைச் செய்கின்றன. மழை வந்தால் பூங்கா இல்லை. விழா நாளில் கோயிலில் கூட்டம். சிறுநீர் கழிக்கக் குழந்தையை எங்கே கூட்டிப்போவது என்பதே சில இடங்களில் பிரச்சினை. ஆவடி 2019இல் மாநகராட்சியானது. சமூகக் கூடங்களும் நூலகங்களும் அதன் எல்லைக்குள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரத்துக்கு ஒரு கூடமும், சமூகப்பணி படித்த இரண்டு பேரும், கொஞ்சம் விளையாட்டுப் பொருள்களும் போதும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் சேர்ந்து நினைத்தால் தாலுகாவுக்கு ஒன்று அமைப்பது பெரிய காரியமில்லை. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தை 2005இலேயே தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டிய உயர் நீதிமன்றம் நம்முடையது. இதற்கும் அதே அக்கறை வேண்டும்.

ஆபத்து உண்மையாகவே இருக்கும்போது காத்திருக்கக் கூடாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005இன் 21ஆம் பிரிவின்கீழ், பெண் தன் மனுவோடு பிள்ளையின் தற்காலிகக் காவலையும் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். சந்திப்பால் பிள்ளைக்குக் கேடு வரலாம் என்று தோன்றினால் சந்திப்பையே மறுக்கவும் அந்தப் பிரிவு வழி செய்கிறது. மனைவியின் தடுமாற்றத்திலிருந்து பிள்ளையைக் காக்க நினைக்கும் கணவன் அந்தச் சட்டத்தின்கீழ் வர முடியாது. காப்பாளர் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். காசில்லை என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் சட்டம் இலவச வக்கீல் உதவிக்குரியவர்களாகப் பெண்களையும் குழந்தைகளையும் சொல்கிறது; மனநோயால் பாதிக்கப்பட்டவரையும் அதே பட்டியலில் வைத்திருக்கிறது. தடுமாறி நிற்கும் பெற்றோருக்கும் வக்கீல் உண்டு என்பது, அவர் எதிரியாக மட்டும் பார்க்கப்படக் கூடாது என்பதற்குச் சட்டமே தந்த அடையாளம். உடனடி ஆபத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. மனம் உடைந்து நிற்பவருக்கு டெலி மானஸ் 14416.

நீதிமன்றத்தில் எடுபடுவது தேதி போட்டு எழுதிய சிறு குறிப்புகள். ‘அவர் ஒரு சைக்கோ’ என்று நூறு பக்கம் எழுதுவதைவிட, இன்ன தேதி இரவு 11 மணிக்குப் பிள்ளையை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார், பக்கத்து வீட்டு அம்மா கூட்டிப்போனார், மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை என்ற மூன்று வரி வலுவானது. பள்ளி வருகைப் பதிவும், ஆசிரியர் எழுதிய ஒரு குறிப்பும், குழந்தை மருத்துவரின் சீட்டும் அதற்குத் துணை நிற்கும். நல்லது நடந்த நாளையும் அந்த நோட்டில் எழுத வேண்டும். அவர் ஒழுங்காக வந்தார், கதை சொன்னார், பிள்ளை சிரித்தது என்று. அந்த வரிகள் இருந்தால்தான் நீதிபதி மற்ற வரிகளை நம்புவார். பிற்காலத்தில் அந்த நோட்டைப் பிள்ளையே படிக்க நேர்ந்தாலும் அதில் தன் அப்பாவையோ அம்மாவையோ முழு மனிதராகப் பார்க்கும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பிள்ளை அழுவதைப் போனில் படம் பிடிப்பது. சந்திப்பு முடிந்து வந்ததும் என்ன சொன்னார், யாரெல்லாம் இருந்தார்கள் என்று துருவுவது. ஜீவனாம்சப் பாக்கியைப் பிள்ளை வாயால் கேட்கச் சொல்வது. இவற்றைச் செய்பவர் பெரும்பாலும் நிலையான பெற்றோர்தான், பயத்தில் செய்கிறார். ஆனாலும் அந்தச் சிறுமியை மறுபடி காவல் வேலைக்கு அமர்த்துகிறார். சிலர் பயத்தையும் தாண்டிவிடுகிறார்கள். 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கில், மகளின் காவலுக்காகத் தந்தைமீது பொய்யான போக்சோ புகார் தரப்பட்டிருந்ததைக் கண்டு நீதிபதி அதிர்ச்சி தெரிவித்தார். அப்படிச் சொல்லவைக்கப்பட்ட பிள்ளைக்கு வழக்கு முடிந்த பிறகும் அந்தச் சொற்கள் முடிவதில்லை.

ஒரு பிள்ளை ‘அப்பாவைப் பார்க்க மாட்டேன்’ என்றால் என்ன பொருள்? அம்மா சொல்லிக்கொடுத்திருக்கலாம். அந்த அப்பாவிடம் உண்மையாகவே பயந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985இல் முதல் வகைக்கு ஒரு நோய்க்குறிப் பெயரே கொடுத்தார். நம் உச்ச நீதிமன்றமும் 2017இல் ஒரு தீர்ப்பில் அதை எடுத்தாண்டது. ஆனால் அது நோயாக ஏற்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் சொல்லடைவிலிருந்தும் 2020இல் அதை நீக்கியது. வன்முறையைச் சொல்லும் தாய்மார்மீது இது ஆயுதமாகிறது என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம் 2023இல் எழுதினார். பிள்ளையை ஒருவருக்கு எதிராகத் திருப்பும் கொடுமை நம் வீடுகளில் நடக்கத்தான் செய்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் பயத்துக்கு வேர் இருக்கிறதா என்பதை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும் பிள்ளை பெரியவர்களின் வார்த்தைகளில், எப்போது கேட்டாலும் ஒரே மாதிரி சொல்லும். நேரில் பட்ட பிள்ளை ஹெல்மெட் சத்தத்தைச் சொல்லும். இதுவும் உறுதியான உரைகல் இல்லை. பயிற்சி பெற்றவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டால்தான் விளங்கும்.

பிள்ளையின் மனநிலையைப் பார்த்து உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் தன் முடிவைத் திருத்திக்கொண்டது. கேரளத்திலிருந்து வந்த வழக்கு அது. பிரிந்த பிறகு தாயிடமே வளர்ந்த, தந்தையை அரிதாகவே பார்த்திருந்த சிறுவனைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதற்குப் பின் பையனின் மனநிலை சரியத் தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உளவியல் அறிக்கைகள், அவன் கடும் பதற்றத்தில் இருப்பதையும் பிரிவுப் பதற்ற நோய்க்கான ஆபத்து மிகுந்திருப்பதையும் எடுத்துச் சொன்னபோது, 2025 ஜூலையில் அதே நீதிமன்றம் மறுசீராய்வில் தன் தீர்ப்பை மாற்றிப் பையனைத் தாயிடமே இருக்கச் சொன்னது. அப்போது அவனுக்கு ஏறக்குறைய 12 வயது. தந்தையின் சந்திப்புரிமை தொடர்ந்தது. அந்தத் தந்தை நோயாளி அல்லர், கெட்டவர் என்றும் யாரும் முடிவு கட்டவில்லை. நீதிமன்றம் கடைசியில் அளந்தது பிள்ளையின் மனநலத்தை. தாயா தந்தையா, யாருக்கு நோய் என்று வருடக்கணக்கில் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும் வழக்குகளில், பிள்ளை இந்த ஆறு மாதத்தில் எப்படித் தூங்கியது, எப்படிச் சாப்பிட்டது, பள்ளியில் எப்படி இருந்தது என்ற ஓர் அறிக்கையை நீதிமன்றம் கேட்டுப் பெற்றாலே வழக்கின் பாதிப் புழுதி அடங்கிவிடும். குடும்ப நல நீதிமன்றச் சட்டம், 1984இன் 12ஆம் பிரிவு நிபுணர் உதவியைப் பெற ஏற்கெனவே இடம் தந்திருக்கிறது.

பிள்ளையிடம் என்ன சொல்வது? பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் சொல்வதில்லை. ‘அப்பா ஊருக்குப் போயிருக்கார்’ என்பார்கள். பாஸ்டன் குழந்தை மனநல மருத்துவர் வில்லியம் பியர்ட்ஸ்லி, மனச்சோர்வுற்ற பெற்றோரின் பிள்ளைகளில் நன்றாகத் தேறியவர்களைத் தேடிப்போய்ப் பேசினார். வீட்டுக்கு வெளியே ஈடுபாடுகளும் நெருங்கிய உறவுகளும் அவர்களுக்கு இருந்தன. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருப்பது நோய், அதற்குத் தாங்கள் காரணமில்லை என்ற தெளிவும் இருந்தது. அந்தத் தெளிவைக் கொடுப்பதற்கென்றே குடும்பம் முழுவதும் உட்கார்ந்து பேசும் ஒரு முறையை அவர் வகுத்தார். ‘அப்பாவுக்கு மனசுல ஒரு நோய் இருக்கு கண்ணு. அதனாலதான் கத்துறார். நீ செஞ்ச எதனாலயும் வரலை. உன்னால சரி பண்ணவும் முடியாது, அது டாக்டர் வேலை. உன்னைப் பார்த்துக்க நான் இருக்கேன். பயமா இருந்தா இந்த நம்பருக்குப் போன் பண்ணு, மேல் வீட்டு ஆன்ட்டிகிட்ட போ.’ எட்டு வயதுக்கு இவ்வளவு போதும். இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளை ஒரே கேள்வியை வேறு வேறு நாளில் கேட்கும்.

நோயுற்ற பெற்றோர் திரும்பி வருவதற்கும் வழி போட்டுவைக்க வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மருத்துவமனையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. ஆபத்து இருந்து பிரித்தாலும் 15 நாளுக்கொரு முறை அதை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009 முதல் தாயும் சேயும் சேர்ந்து தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு இயங்குகிறது. சந்திப்பு உத்தரவையும் அதே மனதோடு எழுதலாம். முதல் மூன்று மாதம் ஒருவர் கூடவே இருந்து கவனிக்கும் சந்திப்பு, இரண்டு மணி நேரம். சிகிச்சை தொடர்கிறது என்று மருத்துவர் ஒரு வரிக் கடிதம் தந்தால், நோயின் பெயரும் மருந்தின் பெயரும் அதில் வேண்டாம், அடுத்த மூன்று மாதம் நான்கு மணி. பிறகு பகல் முழுவதும். பிள்ளை சரியாகத் தூங்குகிறது என்றால் விடுமுறையில் ஓர் இரவு. மாத்திரையை நிறுத்தினாலோ குடித்துவிட்டு வந்தாலோ ஒரு படி கீழே. புது வழக்குப் போட வேண்டியதில்லை, உத்தரவிலேயே இருக்கும். அந்தப் படிகளைத் தாயும் தந்தையும் கையெழுத்துப் போடும்போதே தெரிந்துகொள்வார்கள். பிள்ளைக்கும் அதன் வயதுக்கேற்பச் சொல்லலாம்: அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு, எங்கே, யார் கூட வருவார்கள் என்று.